மணல் விட்டுவைத்த வழி

"எங்க ஆளுங்க உங்க நிலத்துல நடக்குறதுக்கு நீங்க ஒருநாளும் சம்மதிச்சதே இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்" என்று கேட்டேன்.

ஆடிட்டர் சிதம்பரநாதன் மோர் டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். அவர் உட்கார்ந்திருந்த மரத்தடி ஊஞ்சலும் நின்றது. அதன் கீழே படுத்திருந்த மூன்று பூனைகளும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தன.

கேட்கவே கூடாதது அது. மணல்மேட்டு வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லித்தந்துவிட்டார்கள். நிலத்துக்காரரிடம் சம்மதம் கேள். சிரித்துக் கேள், கெஞ்சிக் கேள், தேவைப்பட்டால் அவர் வீட்டு நாயைக் கொஞ்சிக்கொண்டே கேள். மறுப்பை மட்டும் ஒருநாளும் கேட்டு வாங்காதே. எனக்குச் சம்பளமே சம்மதம் வாங்கத்தான். பேன் பார்க்க உட்கார்ந்தவள் தலையைச் சிரைக்கக் கேட்ட மாதிரி இருந்திருக்கும் அவருக்கு.

"இன்னொரு தடவை சொல்லும்மா. சம்மதிச்சேன்னா, சம்மதிக்கலைன்னா?"

"சம்மதிக்கலைன்னு."

"நான்தான் சம்மதிச்சேனே! உங்க குப்பத்து ஜனங்க இத்தனை வருஷமா இந்தப் பக்கமாத்தானே கடலுக்குப் போறாங்க. யாரையாவது ஒரு நாள் தடுத்திருக்கேனா? கேட்டைக்கூடப் பூட்டினதில்லை."

"அதுதான் சார் பிரச்சினை. நல்லவரா இருந்து தொலைச்சிட்டீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. என் அம்மா அவரை ஐயா என்பாள். நான் சார் என்பேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அந்தப் பட்டத்தால் இதுவரை கிடைத்த ஒரே லாபம் இந்த சார்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் நல்லதுறைக்குப்பம். துறையில் இருந்ததெல்லாம் அம்மாவின் காலம். கடல் உள்ளே வருகிறது, ஆபத்து என்று சொல்லி எங்களைச் சாலைக்கு மேற்கே, மழை பெய்தால் தவளை குடிவரும் பள்ளத்தில், அடுக்கு வீடு கட்டிக் கொண்டுபோய் வைத்தார்கள். நாங்கள் காலி செய்த இடத்துக்குப் பக்கத்திலேயே வரிசையாக மாளிகைகள் முளைத்தன. ஒரே கடல்தான். எங்களுக்கு மட்டும் ஆபத்து, அவர்களுக்குக் காற்று.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது வாரியம் இந்தக் கரை நெடுக ஒரு மணலைத் தூவியது. பார்வைக்குச் சாதாரண மணல். ஆனால் ஒவ்வொரு மணியும் தன்மேல் விழும் பாரத்தை உணரும், பக்கத்தில் எழும் சத்தத்தைக் கேட்கும், எதையும் மறக்காது. அலை எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று பார்க்கத்தான் கொண்டுவந்தார்கள். மணலுக்கு அலை என்ன, கால் என்ன? மேலே பட்டதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டது.

இந்தச் சித்திரையில் அதே மணலை வளரச் சொன்னார்கள். காற்று கொண்டுவரும் மணலையெல்லாம் இழுத்து ஒட்டவைத்து, மேலே அடும்புக்கொடியைப் படரவிட்டு, இரண்டு ஆள் உயரத்துக்கு மேடாகிவிடும். புயலில் கடல் பொங்கினாலும் அந்த மேட்டில் மோதித் திரும்ப வேண்டியதுதான். இதில் ஒரு நிபந்தனை உண்டு. மாளிகைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய் வாங்கிய நிபந்தனை. யார் நிலத்திலும் மணல் உரிமை இல்லாமல் ஏறக் கூடாது. நிலம் அவர்களுடையதே, மணல் உட்கார்ந்துகொள்ள மட்டும் எழுதித் தர வேண்டும். அதற்கு ஈஸ்மென்ட் என்று பெயர். அதை வாங்கத்தான் நான் வீடு வீடாக அலைந்தேன். முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவர் சிதம்பரநாதன். மோரும் கொடுத்தார்.

மணல் சட்டத்தை மதிப்பதற்காகப் பத்திரம், சம்மதக் கடிதம், நிலச் சட்டம் எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றினார்கள். ஆவணி முடிவதற்குள் கரை நெடுக மேடு எழும்பிவிட்டது. ஒரே ஓர் இடத்தைத் தவிர. சிதம்பரநாதன் வீட்டுத் தெற்கு ஓரத்தில், ஓர் ஆட்டோ போகிற அகலத்துக்கு, கத்தியால் வெட்டியெடுத்த மாதிரி மணல் வழி விட்டிருந்தது.

எங்கள் வழி. குப்பத்து ஜனம் வலையும் கூடையும் தூக்கிக்கொண்டு தினமும் கடலுக்கு நடக்கிற வழி.

என் மேலதிகாரி தணிகாசலம் சார் அந்த இடைவெளியைத் திரையில் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மணலுக்கு எவனோ சட்டப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுக் காட்டிட்டான்மா. நாமெல்லாம் பாதியில நிறுத்துவோம்."

"அப்படி என்ன சார் இருக்கு கடைசிப் பக்கத்துல?"

"யாரையும் கேக்காம, ஒளிவு மறைவு இல்லாம, இருபது வருஷம் ஒரு வழியில நடந்தா அது வழிநடை பாத்தியதை. பத்திரமே வேணாம், கால் போதும். உங்க ஆளுங்க கால் அத்தனையும் மணல்கிட்ட இருக்கு."

"அப்ப எங்களுக்கு உரிமை இருக்குதா?"

"இருக்கு. அதான் ஓட்டை."

பட்டா கேட்டோம், இல்லை என்றார்கள். துறையைக் கேட்டோம், இல்லை என்றார்கள். உங்களுக்கு ஓர் உரிமை இருக்கிறது என்று முதன்முதலாக ஒப்புக்கொண்டது மணல். அதையும் ஓட்டை என்றால் கோபம் வராதா?

தணிகாசலம் சார் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார்.

"கோவத்தை விட்டுட்டுக் கேளு. அந்த ஓட்டைக்கு நேரா மேற்கே யார் வீடு இருக்கு?"

"எங்க வீடு."

"ஐப்பசியில கடல் பொங்கினா எங்க வரும்?"

திரையில் அந்த இடைவெளியிலிருந்து எங்கள் அடுக்கு வீடு வரை விரலால் கோடு இழுத்துப் பார்த்தேன்.

"ஆடிட்டர் ஒரு கடிதம் குடுத்தாப் போதும். அவங்க நடந்தது என் அனுமதியிலதான்னு. அனுமதியோட நடந்தா ஆயிரம் வருஷம் நடந்தாலும் உரிமை ஆகாது. மணல் ஒரு வாரத்துல மூடிடும். ஆனா முதல் மழை விழுந்துட்டா மணல் தூங்கிடும், அப்புறம் சித்திரைக்குத்தான் எழுந்திரிக்கும். அதனால சீக்கிரம்."

"அவர்தான் தினமும் பார்த்துட்டு இருந்தாரே. அவர் அனுமதிச்சது மணலுக்குத் தெரியாதா?"

"வாயைத் திறந்து சொல்லியிருந்தாத்தானே தெரியும்? ஊஞ்சல்ல உக்காந்து கையை ஆட்டுவாராம். மணலுக்குக் காது இருக்கு, கண்ணு இல்லையே. ஊஞ்சல் பேச்சும் அவ்வளவு தூரம் எட்டாது, கரை வரைக்கும் கேட்டாத்தான் உண்டு."

"வழியைச் சாய்வாத் திருப்ப முடியாதா சார்?"

கேட்டேனே தவிர, பதில் இருக்கும் என்று நினைக்கவில்லை. இருந்தது.

"முடியும். விதியில இடம் இருக்கு. பாத்தியதை நின்னா நடக்குறவங்களே வழியைக் கொஞ்சம் திருப்பிக்கலாம். ஒரு வாரம் எல்லாரும் சாய்வா நடந்தா மணலும் கால் போற பக்கம் வழி விட்டுட்டு, நேர் வழியை மூடிடும். கடல் உள்ள வந்தாலும் மேட்டுல மோதி நின்னுடும். ஆனா அந்தச் சாய்வு எது மேல போகும்னு பார்த்தியா? ஆடிட்டரோட புல்தரையில பாதி, அந்த ஊஞ்சல் மரம் வரைக்கும். எந்த மனுஷன் விடுவான்? நீ கடிதத்தை வாங்கிட்டு வா. அப்புறம் இன்னொண்ணு." குரலைத் தாழ்த்தினார். "அவரைக் கோவப்படுத்திடாத. ஓர் அதட்டல் மணல் காதுல விழுந்துட்டா அதோட முடிஞ்சுது. அனுமதிச்ச ஆள் எதுக்கு அதட்டுறான்னு அது கேக்கும். நூறு கடிதம் எழுதினாலும் செல்லாது. நீ வேற வாயைத் திறந்தா பட்டாசு."

கோபப்படுத்தக்கூடாது என்றுதான் போனேன். வாயைத் திறந்ததும் அந்தக் கோரிக்கைதான் வந்தது.

சிதம்பரநாதன் நான் சொன்னதையெல்லாம், அதட்டல் விஷயம் உட்பட, கேட்டுவிட்டு மோரை ஒரே மடக்கில் குடித்தார்.

"ஆக, நான் அல்பன், யாரையும் அண்டவிடாதவன்னு எழுதித் தரணும். அப்புறம் பாதிப் புல்தரையையும் தரணும். அவ்வளவுதானே? வீட்டுச் சாவி வேணாமா?"

"இப்போதைக்கு வேணாம் சார்."

"இதோ பாரும்மா அம்சவேணி. நான் ஆடிட்டர். பொய்யில கையெழுத்துப் போட மாட்டேன். நான் சம்மதிச்சேன், அதுதான் உண்மை." நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா உங்களைத் தவிக்க விட்டுடுவேனா? மணல் மூடட்டும். மேட்டு மேல ஏறி இறங்க மரப்படி கட்டித் தரேன், என் செலவுல. ஒரு கதவு வைக்கிறேன். சாவியை உங்க அம்மாகிட்டயே குடுத்துடறேன். அப்புறம் உனக்கு உரிமைன்னா என்ன, அனுமதின்னா என்ன? கால் போகுதில்லையா?"

"சாவி குடுக்குறவரு திருப்பி வாங்கவும் செய்வாரு சார்."

"நானா?"

"நீங்க மாட்டீங்க. மெல்போர்ன்ல இருக்குற உங்க பையன்?"

அவர் எழுந்து உள்ளே போனார். வாரியம் கேட்டபடியே கடிதம் எழுதி, மரப்படி விஷயத்தையும் சேர்த்து, பேனாவை மூடி என்னிடம் நீட்டினார். எழுத்து மணிமணியாக இருந்தது. இவ்வளவு அன்பாக யாரும் எங்கள் வழியைப் பிடுங்கியிருக்க மாட்டார்கள். பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அம்மா அடுக்கு வீட்டு வாசலில் அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பெயர் எல்லம்மா. சாலையில் போகிற லாரியை நிறுத்தும் குரல். நான் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் குரல் எழுந்தது.

"அந்த மனுசங்கிட்டப் போயி, நான் கெட்டவன்னு எழுதிக் குடுன்னு கேட்டியா? உனுக்கு வெக்கமா இல்ல? இதுக்காடி உன்ன காலேஜுக்கு அனுப்பிச்சேன்?"

"அம்மா, அது நம்ம வழிம்மா. கடிதத்தைக் குடுத்துட்டா அது அவரு போடுற பிச்சை."

"கடலு வந்தா உன் பாத்தியதைய இடுப்புல கட்டிக்கினு மெதக்குறதா? படி கட்டித் தரேங்கிறாரு இல்ல? கட்டட்டும்."

"அவரு போனதுக்கப்புறம் அவரு பையன் பூட்டை மாத்துவான். அப்ப ரோட்டைச் சுத்திக்கினு அடுத்த ஊருத் துறைக்கு நடப்பியா, தலையில கூடையோட?"

அம்மா காலை நீட்டித் தேய்த்துக்கொண்டாள். அவள் முட்டி இரண்டும் வீங்கித்தான் இருக்கும் எப்போதும்.

நான் மண்ணில் விரலால் கோடு போட்டேன். இது கடல், இது மேடு, இது நேர் வழி, இது சாய்வு வழி. ஊஞ்சல் மரத்துக்கு ஒரு புள்ளி. அம்மா குனிந்து பார்த்தாள்.

"இம்மாந்தானா? இப்பிடி நடக்காம அப்பிடி நடக்கணும். இதுக்கா மூணு வருசம் படிச்ச?"

அந்த நேரம் பார்த்துத் தணிகாசலம் சார் போனில் கூப்பிட்டார். குரலில் குஷி.

"அம்சா, ஆடிட்டர் கடிதம் குடுத்துட்டாராமே, எனக்கே போன் பண்ணிச் சொன்னார். தங்கமான மனுஷன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கொண்டாந்து சேர்த்துடு. கூடவே இன்னொரு நல்ல செய்தி. நம்ம சட்டப் பிரிவுல ஒருத்தர் கண்டுபிடிச்சிருக்கார். உங்க ஆளுங்க தினமும் ஆடிட்டருக்கு மீன் குடுக்குறாங்களாமே? வழி விட்டதுக்கு அது வாடகை மாதிரி. வாடகை குடுத்தாலே அனுமதின்னு அர்த்தம். ரெண்டும் சேர்ந்தா கல்லு மாதிரி நிக்கும்."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வைத்ததும் அம்மா என்னைப் பார்த்தாள்.

"இன்னாது? வாடவையா?"

"தினம் மீன் குடுக்குறீங்கல்ல. அதைச் சொல்றாங்க."

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். கூடை ஆடியது. எதிர் வீட்டு ஜன்னலில் இரண்டு தலை எட்டிப் பார்த்தன.

"அடியேய், அது கூலிடி! கயிறு புடிச்சவனுக்கு மீனு. அந்த ஆளு தினம் விடியக்காலத்துல வந்து போட்டு இஸ்க்கிறாரு, உனுக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனால் அப்படி யோசித்ததில்லை. கரையில் சக்கரம் ஓடினால் இந்த மணல் கெட்டுவிடும் என்று டிராக்டரைத் தடுத்ததிலிருந்து எங்கள் ஊரில் போட்டைக் கயிறு கட்டிக் கையால்தான் கரைக்கு இழுக்கிறோம். கயிற்றில் யார் கை வைத்தாலும் ஒரு மீன் உண்டு. பிள்ளையாக இருந்தாலும், வழிப்போக்கனாக இருந்தாலும், ஒரே முறை இழுத்தாலும். கொடுக்காமல் அனுப்பினால் அந்தப் போட்டுக்கு அன்றைக்கு அவமானம். ஆடிட்டருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னதிலிருந்து அவர் தினமும் வருகிறார். கயிற்றைப் பிடிக்கிறார். மீனை வாங்கிக்கொண்டு போகிறார்.

"அவரு சைவம்மா" என்றேன்.

"தெரியாதா எங்களுக்கு? அவரு வூட்டாண்ட போனாலே பெருங்காயந்தானே வாசன வருது. நன்றிக்குக் குடுக்குறதா இருந்தா ஒரு சீப்பு வாழப்பயம் குடுத்திருக்க மாட்டோமா? சைவக்காரனுக்கு எவனாவது நன்றின்னு மீனு குடுப்பானா? கூலின்றதாலதான் குடுக்குறோம். துன்றாரோ, பூனைக்குப் போடுறாரோ, அது அவரு பாடு."

நான் அம்மாவையே பார்த்தேன். மூன்று வருடம் நான் படித்த படிப்பில் இப்படி ஒரு வாதத்தை யாரும் சொல்லித்தரவில்லை.

"நாளைக்குக் காலையில போயி அவருகிட்ட பேசு" என்றாள் அம்மா. "எதுக்கும் மரியாதையாப் பேசு. நம்ம ஆளு."

மறுநாள் விடிந்தபோது அவர் கயிற்றில் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, மூன்றாவது ஆளாக, குதிகாலை மணலில் ஊன்றி இழுத்தார். போட்டு ஏறியதும் எங்கள் அம்மா கூடையிலிருந்து ஒரு சங்கரா மீனை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அதன் வாலை இரண்டே விரலால் பிடித்து, உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, மின்சாரக் கம்பியைக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோனார். வழியெல்லாம் நான் கூடவே நடந்தேன். பூனைகள் வாசலில் காத்திருந்தன.

கையைக் கழுவிவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தார். நான் எதிரே நின்றேன்.

"அந்த மீனை எதுக்கு சார் குடுக்குறாங்க?"

"பாசம்மா. வெள்ளந்தி ஜனங்க. நான் சைவம்னுகூடத் தெரியாது அவங்களுக்கு. சொல்லி மனசைப் புண்படுத்த வேணாம்னு வாங்கிக்கறேன்."

"அது கூலி சார்."

"என்னது?"

"நீங்க போட்டு இழுக்குறதுக்குக் கூலி. நீங்க சைவம்னு குப்பத்துல கைக்குழந்தைக்கும் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல எங்க அம்மாகிட்ட வேலை பார்த்திருக்கீங்க."

ஊஞ்சல் இரண்டு முறை வெறுமனே ஆடி நின்றது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தன்னை வள்ளல் என்று நினைத்துக்கொண்டிருந்தவரை ஒரே வார்த்தையில் கூலிக்காரர் ஆக்கினால் என்ன செய்வார்? பூனைகளைப் பார்த்தார். அவை முள்ளை நக்கிக்கொண்டிருந்தன. கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப இத்தனை வருஷத்துல சம்பள உயர்வுன்னு ஒண்ணு...?"

"அதான் சார் நடுவுல இருந்து சங்கரா. முதல்ல வெறும் காரப்பொடி மீன்தான் வந்துட்டு இருந்துச்சு."

அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, சட்டென்று அடங்கினார்.

"ஆனா நான் தினமும் கையை ஆட்டினேனேம்மா. போங்க போங்கன்னு."

"கொசு ஓட்டுறீங்கன்னு நினைச்சாங்க."

"நிஜமாவா?"

"வேப்பிலைப் புகை போடச் சொல்லலாம்னுகூட அம்மா ஒரு தடவை சொன்னாங்க. சார், ஒண்ணு கேக்குறேன். வழியில போறதுக்கு யாராவது ஒருத்தர், ஒரே ஒரு நாள், உங்களைக் கேட்டாங்களா?"

யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். "இல்லை."

"யாருமே கேக்காத அனுமதியை நீங்க எப்படி சார் குடுத்தீங்க?"

ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு புல்தரையைப் பார்த்தார். வீட்டம்மா இருந்த காலத்தில் போட்ட புல்தரை. இப்போதும் தினம் காலையில் அவரே குழாய் பிடிப்பார். அதைக் கேட்கிறோம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

"வேற வழியே இல்லையாம்மா? இந்த மரம் வரைக்குமா வரணும்?"

"மரத்துக்கு இந்தப் பக்கத்தோட நிறுத்திக்குவோம். ஊஞ்சல் இருக்கும். ஆனா காலையில நாலு மணிக்கே பேச்சுச் சத்தம் கேக்கும். எங்க அம்மா குரல் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். எங்க அலாரமே அதுதான்."

பையிலிருந்து அவர் கடிதத்தை எடுத்து மோர் டம்ளருக்கு அடியில் வைத்தேன்.

"இதை நான் கொண்டுபோய்க் குடுக்கப் போறதில்லை."

"வேலை போயிடுமே."

"போகும்."

"உங்க வீட்டுல முதல் பட்டதாரி நீ. உங்க அம்மா ஊர் பூராச் சொல்லிட்டுத் திரியறா."

"கேக்காம நடந்தவங்க பொண்ணுன்னும் சொல்லிக்கட்டும்."

"நான் இன்னொரு கடிதம் எழுதி நேரா உங்க தணிகாசலத்துக்கு அனுப்பலாமே?"

"அனுப்பலாம். உங்க கை, உங்க பேனா."

"அப்புறம் எதை நம்பிக் கிளம்புற?"

"எதையும் நம்பல சார். அடுத்த நடைக்குக் கூடையைத் தூக்கிக்கிட்டு எங்க ஜனம் கேட்டுக்கு வெளியில நிக்குது. யாராவது முதல்ல நடக்கணும்."

இதை ராத்திரியே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ முதல்ல நட, பின்னாடியே நாங்க வர்றோம் என்றிருந்தாள். அவர் மறுத்தாலும், எழுதினாலும், வாரியம் என்னை வெளியே அனுப்பினாலும் இன்றைக்கு நடப்பதாகத்தான் வந்திருந்தேன். பேசியது மரியாதைக்கு.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். கேட்டுப் பக்கம் போகவில்லை. ஊஞ்சல் மரத்துக்கு இந்தப் புறமாக, புல்தரையின் குறுக்கே சாய்வாகக் கடலைப் பார்த்து நடந்தேன். புல்லில் இன்னும் ஈரம் இருந்தது. அதைத் தாண்டியதும் காலுக்கடியில் மணல் வந்தது. அது பொறுமையாக என் பாரத்தை வாங்கிக்கொண்டது.

பாதி தூரம் போயிருப்பேன்.

"ஏய்!"

பின்னால் ஊஞ்சல் சங்கிலி குலுங்கும் சத்தம். எழுந்து நின்றிருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருவரையும் அதட்டிப் பழகாத குரல், வழியில் எங்கோ தடுக்கி, கீச்சென்று உடைந்து, மறுபடி முழு பலத்தோடு கரை முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது.

"யாரைக் கேட்டு இங்க நடக்குற? யாரு உனக்கு அனுமதி குடுத்தது?"

எனக்கு அடுத்த அடி வைக்க ஒரு கணம் பிடித்தது. பிறகு வைத்தேன்.

"யாரையும் கேக்கல!" என்று நானும் கத்தினேன். அம்மாவின் குரல் எனக்கும் இருக்கிறது.

"நிக்கச் சொல்றேன்ல! என் புல்தரை இது!"

நிற்கவில்லை. பூனைகளில் ஒன்று என் பின்னாலேயே சாய்வாக வந்தது. கேட்டுப் பக்கம் கூடைகள் உரசும் சத்தமும் அம்மாவின் குரலும் நெருங்கின. அவர் இன்னும் அதட்டிக்கொண்டிருந்தார். இப்போது கொஞ்சம் நன்றாகவே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவேன். மணலுக்கு அதுவும் கேட்கும்.